கூரையிலா, கொல்லையிலா, வயலிலா? டெல்டாவில் சோலார் போடும் முன்

போன வருஷம் குறுவைக்கு நாற்று பறிக்கிற வாரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல மூணு கிலோவாட் போட்டா கரண்ட் பில்லையே மறந்துடலாம்" என்றார். இரண்டாமவர் மோட்டாருக்குச் சோலார், அறுபது சதவீதம் மானியம் என்று அச்சடித்த தாள் ஒன்றை நீட்டினார். மூன்றாமவர் காரில் வந்தார். வரப்பில் இறங்கி இரண்டு எட்டு வைத்தவர், செருப்பில் சேறு ஒட்டியதும் திரும்பிவிட்டார். "பக்கத்து வயல்காரங்களையும் சேர்த்து இருபது ஏக்கர் ஒண்ணா கிடைக்குமா? சோலார் நிலையத்துக்கு இருபத்தஞ்சு வருஷக் குத்தகை" என்றார்.

பெரியப்பா மூவருக்கும் மோர் கொடுத்து அனுப்பினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீதான் ராத்திரியெல்லாம் போன்ல படிக்கிறியே தம்பி, இதுல எது நமக்கு ஆகும்னு பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்துச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதக் கணக்குதான் இது.

ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. நிலம் பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். அதில் நாலு மாவுக்கு இ.பி. இணைப்போடு போர், அதாவது ஆழ்குழாய்க் கிணறு, இருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தண்டை ஆறு மா. அங்கேயும் போர் உண்டு, ஆனால் கம்பி போகவில்லை. இன்னும் டீசல் எஞ்சின்தான். வீடு மாடி வீடு. உங்கள் நிலமும் வீடும் வேறு மாதிரி இருந்தால் விடையும் வேறாகத்தான் இருக்கும்.

வந்தவர்கள் சும்மா வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2014 மார்ச்சில் நாட்டின் மொத்த சூரிய மின் நிறுவுதிறன் 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2025 மார்ச்சில் அது 1,05,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதே காலத்தில் காற்றாலை சுமார் 21,000 மெகாவாட்டிலிருந்து 50,000-க்கு வந்தது. மூத்தவன் சைக்கிளில் போய்க்கொண்டிருக்க, பின்னால் கிளம்பிய இளையவன் பைக்கில் தாண்டிப் போன கதை. தமிழ்நாட்டில் இரண்டும் இப்போது தலா 10,000 மெகாவாட்டுக்கு மேல். 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு சாராத வழியில் 5 லட்சம் மெகாவாட் என்பது 2021 கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் அறிவித்த இலக்கு. இவ்வளவுக்கும் இடம் வேண்டும் அல்லவா? மேடு பள்ளம் இல்லாத டெல்டாவைப் பார்த்தால் இடம் தேடுகிறவர்களுக்குக் கண் விரியத்தான் செய்யும்.

ஆனால் இந்த எண்களைவிட எனக்கு உதவியது சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர். கிழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் மாதவாரியாக மூன்று விஷயம் எழுதினேன். நாம் தண்ணீர் இறைப்பது எப்போது, வெயில் நன்றாக அடிப்பது எப்போது, காற்று வீசுவது எப்போது.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிற அணை. தண்ணீர் எங்கள் பக்கம் எட்டுவதற்கு முன்பே குறுவை நாற்றங்காலுக்குப் போரை ஓட்டியாக வேண்டும். ஆகவே வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை எஞ்சினுக்கு ஓய்வில்லை. புரட்டாசியில் சம்பாவுக்கும் தாளடிக்கும் வாய்க்காலில் முறை தப்பும்போது கொஞ்சம். ஐப்பசி, கார்த்திகையில் வானமே இறைக்கிறது; நம் கவலை வடிகால்தான். அணை மூடியபின் கதிர் பால் பிடித்து நிற்கிற தாளடிக்கு இரண்டு மூன்று தண்ணீர். அறுவடை முடிந்தால் உளுந்தும் பயறும் மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே வந்துவிடும். கோடை நெல் போடாதவர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரையில் மோட்டார் கொட்டகையில் வேலையே கிடையாது.

வெயில் மிக நன்றாக விழுவது எப்போது? அதே மாசி, பங்குனி, சித்திரையில்! வயலில் நிற்கிற பேனல் அதிகமாக விளைவிக்கிற மாதங்களில் அந்த விளைச்சலைச் சாப்பிட ஆள் இல்லை. வீட்டுக் கூரையில் இருக்கிற பேனலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மின்விசிறி பன்னிரண்டு மாதமும் சுற்றுகிறது. மூன்று மாத ஆராய்ச்சியில் பாதி வேலையை அந்தக் காலண்டர் தாள்களே முடித்துவிட்டன.

(கத்திரி வெயிலில் பேனல் கொழிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் பேனலின் சூடு ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சலில் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும்.)

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் அதைச் சுருக்கமாகத்தான் ஒதுக்கினோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று டெல்டாவிலும் சொல்கிறோம். ஆடியில் வரப்பில் நடந்தால் துண்டு நிற்காது. ஆனால் அம்மி பறப்பது வேறு, காற்றாலை ஓடுவது வேறு. காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கிற ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்கள் மேற்கிலிருந்து வரும் காற்றைப் புனல் மாதிரி குறுக்கி வேகப்படுத்தித் தள்ளுகின்றன. 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைக் கதை முப்பந்தல் பக்கம் காடாக வளர்ந்தது அந்தக் கணவாய்களின் புண்ணியத்தில்தான். நம்மிடம் மலையும் இல்லை, கணவாயும் இல்லை. கடற்கரையில் காற்று கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அங்கே கோடியக்கரையில் வலசைப் பறவைகள் இறங்குகிற சரணாலயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை நடும் திட்டத்துக்கு 2024-ல் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அது பெரிய கைகளின் வேலை.

வேதாரண்யம் பக்கம் உறவினர் ஒருவர் இறால் குட்டைக் கரையில் வீட்டுக் காற்றாலை ஒன்றை நட்டார். பார்க்க அழகாக இருந்தது. உப்புக் காற்றில் இரண்டாவது வருஷமே பேரிங் துருப்பிடித்து, இப்போது கொக்கு உட்காரப் பயன்படுகிறது. விற்றவரின் போன் எண் மாறிவிட்டது. காற்றாலையில் பங்கு வாங்கி அந்த மின்சாரத்தைத் தன் ஆலையில் பயன்படுத்தும் வழியும் உண்டு. பயன்படுத்துகிறவர்கள் கூட்டாக 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் அரிசி ஆலைக்காரரும் ஐஸ் கம்பெனிக்காரரும் அதை யோசிக்கலாம். பத்து மா வைத்திருக்கிறவர் யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். முதலில் நாலு மா, இ.பி. மோட்டார். இங்கே சோலார் எதற்கு? 1990-லிருந்து விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். இலவசத்தோடு எந்தத் தொழில்நுட்பமும் போட்டி போட முடியாது. "பகலில் மட்டும் இறைக்கலாமே, ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டாமே" என்பார்கள். உண்மைதான். மும்முனை மின்சாரம் நடுநிசியில் வரும் நாட்களில் பாம்புக்குப் பயந்து வரப்பில் காலைத் தட்டித் தட்டி நடந்தவன் நான். ஆனால் அந்த வசதிக்கு ஒரு லட்சம் ரூபாயா? பெரியப்பாவிடம் கேட்டேன். "அதுக்கு ஒரு நல்ல டார்ச் லைட்டு வாங்கிக்கலாம்டா" என்றார். இ.பி. இணைப்பிலேயே சோலார் போட்டு, இறைத்தது போக மிஞ்சியதை வாரியத்துக்கு விற்கும் பிரிவும், விவசாயிகளுக்குச் சோலார் போட மானியம் தரும் மத்திய அரசின் குசும் திட்டத்தில் இருக்கிறது. நெல்லுக்கு இறைக்காத மாசி, பங்குனி மின்சாரம் அதில் வீணாகாது என்பதால், தாளில் படிக்கிறபோது டெல்டாவுக்கு மிகப் பொருத்தமானது அதுதான். ஆனால் திண்ணைக்கு வந்த மூவரில் அதை விற்க யாரும் வரவில்லை.

ஆறு மா வேறு கதை. அங்கே போட்டி இலவச மின்சாரத்தோடு அல்ல, டீசலோடு. பெரியப்பா எஞ்சினுக்கு ஊற்றும் டீசலை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறவர். போன வருஷம் 170 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே 15,300. ஆயில், பெல்ட், கயிறு சுற்றி இழுத்துத் தோள் பிசகிய வைத்தியச் செலவு தனி.

2019-ல் தொடங்கிய குசும் திட்டத்தில், மின் இணைப்பு இல்லாத இடத்துக்குத் தனி சோலார் பம்ப் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகிறது. மானியம் 60 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு குறு விவசாயிகளுக்கு அதைவிடக் கூடுதல். 5 குதிரைத்திறன் பம்புக்கு 4,800 வாட் பேனல். எங்களுக்குச் சொன்ன தொகையில் எங்கள் பங்கு 1,20,000 ரூபாயைச் சுற்றி வந்தது. டீசல் கணக்கில் வகுத்தால் எட்டு வருஷத்தில் முதல் திரும்பும். முதல் ஐந்து வருஷப் பராமரிப்பு போட்டுக்கொடுத்த கம்பெனியின் பொறுப்பு. பேனல் இருபத்தைந்து வருஷம் வரும் என்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக வருகிற வருஷம் டீசல் குறைவு, சோலார் நஷ்டக் கணக்காகத் தெரியும். மேட்டூர் காய்ந்து கிடக்கிற வருஷம் சோலார் லாபம் கொழிக்கும். கர்நாடகத்தில் மழை பெய்யுமா என்று கேட்டுவிட்டுத்தான் இந்த எட்டு வருஷத்தை ஏழு என்றோ பத்து என்றோ மாற்ற வேண்டும்.

பேப்பரில் பார்த்தால் போதாது என்று ஒரத்தநாட்டுப் பக்கம் நண்பர் கொல்லைக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு அவர் சுவிட்சைப் போட்டார். குழாய் இரண்டு முறை இருமி, நூல் மாதிரி தண்ணீர் விழுந்தது. ஒன்பதரைக்குக் கை மணிக்கட்டுப் பருமன். பதினொன்றரைக்குத் தொட்டியில் விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசியது கேட்கவில்லை. அப்போது ஒரு மேகம் கடந்தது, கைக்குட்டை அளவு மேகம். தண்ணீர் அப்படியே இளைத்து, குழாயின் உதட்டில் வழிந்து நின்றது. மேகம் விலகியதும் மறுபடி பருத்தது. டீசல் எஞ்சின் கடைசிச் சொட்டு வரை ஒரே மாதிரி இறைத்துப் பழகிய பெரியப்பா போன்றவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும் பழக்கமும் மாற வேண்டும். ஏனென்றால் எந்த மடைக்கு எவ்வளவு போனது என்பதை வானம் தீர்மானிக்கிறது.

நண்பர் இன்னொன்றும் காட்டினார். பேனலின் கீழ் விளிம்பில் விரல் வைத்து இழுத்தார். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பக்கத்து வயலில் அறுவடை எந்திரம் ஓடி நான்கு நாள் ஆகியிருந்தது. பதரும் வைக்கோல் தூசியும் படிந்து, பனியில் நனைந்து காய்ந்து, மாவு மாதிரி ஒட்டியிருந்தது. "இதைத் துடைக்கலைன்னா ஒரு மடை குறையும்" என்றார். அவர் கணக்கு யூனிட்டில் இல்லை, மடையில். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஆறு மாவுக்கு இது போதுமா? இரண்டு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட சுமார் 80,000 லிட்டர் வேண்டும். எங்கள் பக்கம் தண்ணீர் மட்டம் ஆழமில்லை என்பதால் நல்ல வெயில் நாளில் அது எளிதாக வந்துவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போர் ஆழம் என்பதால் அதே பேனல் குறைவாகத்தான் இறைக்கும். ஆனால் தென்னைக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டும், பங்குனி வெயில் வீணாகாது. ஆகவே நெல்லைவிடத் தென்னந்தோப்புக்குத்தான் சோலார் பம்ப் கச்சிதம் என்பது என் எண்ணம். கடைமடையில், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம், பல இடங்களில் நிலத்தடி நீரே உப்பு. உப்புத் தண்ணீரை டீசலில் இறைத்தால் என்ன, வெயிலில் இறைத்தால் என்ன?

இலவச மின் இணைப்புக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோலார் பம்ப் வாங்கினால் அந்த வரிசையில் உங்கள் மூதுரிமை என்ன ஆகும் என்பதை வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்; எழுத்தில் வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி இன்று வரை அலைந்துகொண்டிருக்கிறார்.

கூரைக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும். நாள் சராசரி நான்கு யூனிட் வரும். பகலில் மிஞ்சியது கம்பி வழியே போய், இரவில் எடுத்ததோடு கழிக்கப்படும்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசம் என்பதால் பில் ஆயிரத்தைச் சுற்றித்தான். சித்திரை, வைகாசியில் மட்டும் ஏசி ஓடி 560 வரை போகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அடியில் இருக்கிற யூனிட்டுக்கும் விலை ஏறுவதால் பில் இரண்டாயிரத்து ஐநூறுக்குக் குதிக்கும். வருஷத்துக்கு மொத்தம் ஏறக்குறைய எட்டாயிரம்.

இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் விளையும். அதுவே எங்களுக்குப் போதும். எங்களுக்குச் சொன்ன விலை 1,40,000; மானியம் 60,000 போக 80,000. பத்து வருஷத்தில் முதல் திரும்பும். திண்ணைக்கு வந்தவர் ஏன் மூன்று கிலோவாட் என்றார்? அவருக்கு விற்பனை. மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியமும் குறைவு, எங்களுக்குத் தேவையும் இல்லை.

இதைவிட முக்கியமானது அடுத்த தெருவுக்கான கணக்கு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடுகிற வீட்டில், இலவசம் போக மிச்ச நூறு யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான் விலை. வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐநூறு ரூபாய் பில் கட்டுகிறவருக்கு எந்த மானியமும் சோலாரை லாபமாக்காது. அவர் கடன் வாங்கிப் போட்டால் வட்டியே பில்லைவிட அதிகம். அந்த வீடுகளுக்கும் இதே ஆட்கள் போய் இதே பேச்சைப் பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம். ஏசியும் மாவு மில்லுமாக 700, 800 யூனிட் ஓடுகிறவர் தயங்கவே வேண்டாம், போட்டுவிடலாம்.

கூரையில் போடுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. லைனில் கரண்ட் போனால் உங்கள் கூரை சோலாரும் அணைந்துவிடும். கம்பியில் கை வைத்து வேலை பார்க்கிற லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த பிறகு எங்கள் தெருவுக்கு விளக்கு வர இருபத்து மூன்று நாள் ஆயிற்று. செல்போன் சார்ஜ் போட மன்னார்குடிக்குப் போய், ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் இருபது ரூபாய் கொடுத்து வரிசையில் நின்றோம். அப்போது மாடியில் இந்தச் சோலார் இருந்திருந்தாலும், வெட்ட வெளியில் வெயில் காய்ந்த அந்த நாட்களில் ஒரு பல்பு எரிந்திருக்காது. அதற்கு பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும். விலை கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு.

கஜா இன்னொன்றையும் கேட்க வைத்தது. மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டி வீசிய அந்தக் காற்றை, பேனலைச் சுமக்கிற இரும்புச் சட்டம் தாங்குமா? பேனல் என்பது ஒரு கப்பல் பாய். போடுகிறவரிடம் எத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தது என்று எழுதித் தரச் சொன்னேன். முதலில் வந்தவர் சிரித்தார். அவரை விட்டுவிட்டோம். கடலோரத்து ஆட்கள் கூடவே துத்தநாகம் பூசிய இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா என்றும் பார்க்க வேண்டும். வெறும் பெயின்ட் இரண்டு உப்பங்காற்றுக்குத் தாங்காது.

கடைசியாக, காரில் வந்தவர். இவரைப் பற்றித்தான் வீட்டில் சண்டையே வந்தது. சித்தப்பா மகன் திருப்பூரில் இருக்கிறான், "விவசாயத்துல என்னண்ணே மிஞ்சுது? மாசம் பொறந்தா அக்கவுன்ட்ல விழுந்துடும்" என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. குறுவையில் ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலைய வாசலில் நெல் முளைத்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கணக்கு இப்படி. ஒரு மெகாவாட் சோலாருக்கு நான்கிலிருந்து ஐந்து ஏக்கர். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2,500 ஏக்கரில் கிடக்கிறது. ஆனால் அது ராமநாதபுரத்து மானாவாரி. நம்முடையது ஆற்றுப் பாசன நஞ்சை. டெல்டாவுக்கு மின்சாரம் தயாரிப்பது புதிதும் அல்ல. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் நம் காலடியிலிருந்து எடுத்த எரிவாயுவில் ஓட்டக் கட்டிய, தலா 100 மெகாவாட் அளவுள்ள நிலையங்கள் இருக்கின்றன. அதே 100 மெகாவாட்டை வெயிலில் எடுக்க 400, 500 ஏக்கர் நஞ்சை போகும், அதுவும் ஆறு மணிக்கு மேல் ஒன்றும் வராது.

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதைத் தடுக்காதா என்று கேட்கிறார்கள். அந்தத் தடைப் பட்டியலில் இருப்பவை உலோக உருக்காலை, தோல் பதனிடுதல், எண்ணெய் எரிவாயு எடுப்பு போன்றவை. சோலார் அதில் இல்லை. ஆகவே சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, நாமேதான் முடிவெடுக்க வேண்டும். குசும் திட்டத்தில் 500 கிலோவாட்டிலிருந்து 2 மெகாவாட் வரை சிறு நிலையம் அமைக்கும் பிரிவும் இருக்கிறது. அதில் தரிசுக்குத்தான் முதலிடம். விளைநிலத்தில் போட்டால் கீழே பயிர் செய்யும்படி உயரத் தூண்களில் நிறுத்த வேண்டும். நெல்லுக்கு மேல் பேனலா? அறுவடை எந்திரம் உள்ளே புகுந்து திரும்புகிற உயரமும் அகலமும் வைத்தால் இரும்புச் செலவு எங்கேயோ போய்விடும். நெல்லும் நிழலில் பால் பிடிக்கிற பயிர் இல்லை.

என்னை முடிவுக்குத் தள்ளியது இவை எதுவும் இல்லை, வடிகால். டெல்டாவில் வயல் தனியாக இல்லை. மேல் வயலின் தண்ணீர் என் வயல் வழியாகக் கீழ் வயலுக்குப் போகிறது, அங்கிருந்து வடிவாய்க்காலுக்கு. நடுவில் இருபது ஏக்கரை மண் அடித்து உயர்த்தி, சுற்றிலும் வேலி கட்டினால், கார்த்திகை மழையில் மேலே இருக்கிற சம்பா முழுவதும் கழுத்தளவு நீரில் நிற்கும். குத்தகைப் பணம் எனக்கு வரும், பயிர் அழுகுவது அடுத்தவருக்கு. எங்கள் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் ஊதிப் பெருக்கிற மண். தூண் நிற்க வேண்டுமானால் உயர்த்தாமல் விட மாட்டார்கள்.

அப்புறம் யாருக்குப் பணம் என்ற கேள்வி. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. டெல்டாவில் கோயிலுக்கும் மடத்துக்கும் சொந்தமான நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். 1955-ன் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர்களை உழுகிறவர்கள் என்றுதான் காக்கிறது. உழவே நிலம் இல்லாமல் போனால் அது எதைக் காக்கும்? நாற்று பறிக்க வருகிற எதிர்த்தெரு அக்காக்களுக்கு இந்தக் குத்தகையில் ஒரு பைசா பங்கு இல்லை. பேனல் துடைக்க நான்கு பேருக்கு வேலை உண்டு என்றார் காரில் வந்தவர். இருபது ஏக்கருக்கு நான்கு பேர்.

தரிசாகப் போன திடல், உப்பேறிக் கைவிட்ட கடலோர நிலம், இறால் குட்டை வெட்டிப் பாழான இடம் வைத்திருப்பவர்கள் விடலாம், நான் தடுக்க மாட்டேன். அதிலும் ஒப்பந்தத்தில் இருபத்தைந்தாம் வருஷம் பேனலையும் கான்கிரீட்டையும் யார் பெயர்த்து எடுத்துப் போவது என்று ஒரு வரி இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போதைய நிலவரம்: நாலு மா அப்படியே இ.பி.யில். ஆறு மாவுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. டீசல் எஞ்சினை விற்கவில்லை, மேகத்தை நம்பி யார் விற்பார்கள்? காரில் வந்தவருக்குப் பெரியப்பாவே போன் செய்து, "வடிகாலுக்கு வழி சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

மாடிக்கு இரண்டு கிலோவாட் முடிவாகிவிட்டது, ஆனால் இன்னும் போடவில்லை. வீட்டுக்கு மேற்கே ஒரு தென்னை நிற்கிறது. மூன்று மணிக்கு மேல் அதன் நிழல் சரியாகப் பேனல் வைக்கக் குறித்த இடத்தில் விழுகிறது. ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலே அந்த வரிசைப் பேனல் மொத்தமும் சோர்ந்துவிடும், மரத்தை எடுத்துவிடுங்கள் என்றார் அளக்க வந்த பையன். கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் கஜாவுக்குப் பின் நின்றது அது ஒன்றுதான். பெரியம்மா அந்தப் பையனுக்குக் காபி கொடுத்துவிட்டு, டேப்பை வாங்கி அவரே மாடியின் கிழக்குக் கைப்பிடிச் சுவர் வரை இழுத்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியை ஆறடி நகர்த்தினால் இடம் இருக்கிறது. பிளம்பர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.